இனிப்பால் தாழ்ந்த றீஸ்லிங்

ஜேர்மனிய வெள்ளை வைன் என்றாலே மலிவான இனிப்புப் பானம் என்று முகஞ்சுளிப்போர் ஐரோப்பாவில் இன்னமும் உளர். ஆனால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் வணிகர்களின் விலைப்பட்டியல்களில் றைன், மோசெல் ஆற்றங்கரைகளின் சிறந்த வைன்கள் பிரான்சின் பொர்தோ வைன்களுக்கு நிகராகவும், சிலவேளைகளில் அவற்றிலும் கூடுதலாகவும் விலை பெற்றன. அப்புகழுக்கு மூலமாயிருந்தது றீஸ்லிங் என்னும் திராட்சை. நல்ல பெயரொன்று எவ்வாறு செலவழிந்து தீரும் என்பதற்கு அதன் வரலாறு ஓர் எடுத்துக்காட்டாகும்.

றீஸ்லிங் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று 1435ஆம் ஆண்டுக்குரியது. ரூசெல்ஸ்ஹைம் கோட்டைக்காக இக்கொடிகள் வாங்கப்பட்ட செலவு அதிற் பதிவாகியுள்ளது. 1720இல் றைன் கரையிலுள்ள யொஹானிஸ்பேர்க் மலைச்சரிவில் இது பெருமளவில் நடப்பட்டது. 1775இல் அறுவடைக்கான அனுமதியைக் கொண்டுவரவேண்டிய தூதுவன் பிந்தி வந்தமையால், அழுகத் தொடங்கிய பழங்களிலிருந்து அரியதொரு வைன் கிடைத்ததாக அங்கே கதை வழங்குகிறது. 1787இல் திரியர் பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், தரங்குறைந்த கொடிகளைப் பிடுங்கி நல்லினக் கொடிகளை நடுமாறு கட்டளையிட்டார். மோசெல் பள்ளத்தாக்கில் றீஸ்லிங் பரவ அது வழிசெய்தது.

றீஸ்லிங் பிந்திப் பழுப்பது. அறுவடை முடியும்போது குளிர்காலம் வாசலில் நிற்கும். குளிர்ந்த நிலவறையில் மதுவம் சோர்ந்து நொதிப்பு நின்றுவிட, சிறிது சர்க்கரை எஞ்சும். பீப்பாவில் ஆண்டுக்கணக்கில் கிடந்த வைன்களில் அதுவும் பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்துவிடும். வேண்டிய அளவில் இனிப்பை நிறுத்திவைக்கும் ஆற்றல், மதுவத்தையே வடித்தகற்றும் நுண்வடிகள் 20ஆம் நூற்றாண்டில் வந்த பின்னரே கைகூடியது. நொதிக்காத சாற்றைப் பின்னர் கலக்கும் முறையும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது.

இவ்வைன்களை உலகறியச் செய்தவர்களுட் பலர் யூத வணிகர்கள். நாஸி ஆட்சியில் அவர்களது நிறுவனங்கள் பறிக்கப்பட்டன. 1857இல் மைன்ஸ் நகரில் தொடங்கப்பட்ட நிறுவனத்துக்குரிய சிஷெல் குடும்பமும் நாட்டைவிட்டு வெளியேறியது. அக்குடும்பத்தின் பீற்றர் சிஷெல், அமெரிக்க உளவுத்துறையில் பேர்லினிலும் ஹொங்கொங்கிலும் பணியாற்றியபின் 1960 அளவில் வைன் வணிகத்துக்குத் திரும்பினார். 'புளூ நன்' என்னும் குடும்பத் தயாரிப்பை உலகப் பெயராக்கிய அவர், 2025இல் 102ஆவது வயதில் காலமானார். எந்த உணவுக்கு எந்த வைன் என்று தயங்கியோருக்கு, விருந்தின் தொடக்கம் முதல் முடிவுவரை இது ஒன்றே போதும் என்றது அதன் விளம்பரம்.

அவ்வெற்றியைக் கண்டு மலிவு வைன்கள் பெருகின. அவற்றிற் பலவற்றில் றீஸ்லிங் இருந்ததே குறைவு. 1971ஆம் ஆண்டுச் சட்டம், பரந்த நிலப்பரப்புகளும் புகழ்பெற்ற ஊர்ப்பெயர்களைச் சூட்டிக்கொள்ள இடமளித்தது. 1985இல் ஒஸ்திரிய வைனில் டைஎதிலீன் கிளைக்கோல் கலந்திருந்தமை வெளியாகி, அதனைக் கலந்து விற்ற சில ஜேர்மனிய நிறுவனங்களும் அகப்பட்டன. நேர்மையான உற்பத்தியாளர்களும் அப்பழியைச் சுமந்தனர். ஜேர்மனியர் பலர் இனிப்பற்ற வைனையே நாடலாயினர்.

எனினும் விளம்பரம் கூறியதில் உண்மையும் இருந்தது. இன்று 'ஹால்ப்ற்றொக்கன்' எனப்படும் வைனில் லீற்றருக்கு 18 கிராம்வரை சர்க்கரை இருக்கலாம். 'ஃபைன்ஹேர்ப்' என்பதற்குத் திட்டமான சட்ட அளவு இல்லை. றீஸ்லிங்கின் கூர்மையான புளிப்பு அந்த இனிப்பைத் திகட்டவிடாது. அப்புளிப்பு பன்றியிறைச்சியின் கொழுப்பை வெட்டும். புகையூட்டிய மீனின் உப்புக்கு இனிப்பு ஈடுகொடுக்கும். தாய்லாந்து, இந்திய உணவுகளுடனும் இது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. மதுச்சாரம் மிளகாயின் உறைப்பைக் கூட்டும், சர்க்கரை தணிக்கும். இவ்வைனில் மதுச்சாரம் குறைவு.

இனிப்பு ஒருபோதும் றீஸ்லிங்கின் குற்றமாக இருந்ததில்லை. புளிப்பில்லாத இனிப்பை அதன் பெயரால் விற்றதே குற்றம். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் மோசெல் விவசாயி அதற்கான விலையைச் செலுத்திக்கொண்டிருக்கிறான்.