விளையாத மண்ணும் ஒரு பிடி சுண்ணாம்பும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

வெனிசுலாவில் சவானா புல்வெளிக்கு லானோஸ் என்று பெயர், பிரேசிலில் காம்போஸ். ஒரு மதிப்பெண் கேள்விக்காக உங்களில் எத்தனை பேர் மனப்பாடம் செய்திருப்பீர்கள்! பாடப்புத்தகம் அதோடு நின்றுவிட்டது. அந்தப் பிரேசில் சவானாவை அந்நாட்டார் செராடோ என்கிறார்கள். சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவில் பாதிக்கும் மேல். மழை உண்டு, வெயில் உண்டு, நிலமும் பெரும்பாலும் சமதளம். ஆனாலும் 1960கள் வரை அதை விளையாத மண் என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். மாடுகள் மட்டும் சத்தில்லாத காட்டுப்புல்லை மேய்ந்து திரிந்தன.

காரணம் அலுமினியம். நம் வீட்டுப் பாத்திரத்தில் இருக்கிறதே, அதேதான். எல்லா மண்ணிலும் அது களிமண்ணோடு கட்டுண்டு கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. மண்ணின் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கி அமிலம் கூடினால் அது கரைந்து வேரின் நுனியைத் தாக்கும். வேர் தடித்துக் குட்டையாகிவிடும், ஆழத்துக்குப் போகாது. அமில மண்ணில் பார்லி நலிவதற்கு அலுமினியமே காரணம் என்று அமெரிக்காவில் ஹார்ட்வெல், பெம்பர் என்ற இருவர் 1918இலேயே எழுதிவிட்டார்கள்.

மருந்து எளிது. சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கித் தூவி உழுதால் அமிலம் தணியும், அலுமினியம் மறுபடி கரையாத பொருளாகிவிடும். 1950களில் காலின் மெக்ளங் என்ற அமெரிக்க மண்ணியலாளர், சுண்ணாம்பும் தக்க உரமும் சேர்த்தால் செராடோ மண்ணிலும் பயிர் வரும் என்று காட்டினார். 1973இல் எம்ப்ராபா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1974 முதல் 1979 வரை வேளாண் அமைச்சராக இருந்த அலிசன் பாவ்லினெல்லி அதற்குப் பெரும் துணையாக நின்றார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். சுண்ணாம்பு உழுத ஆழத்தில், முக்கால் அடி மண்ணில், தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே அலுமினியம் அப்படியே இருக்கிறது. மழைக்காலத்தின் நடுவே இரண்டு வாரம் வெயில் அடித்தால் அடிமண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடும், வேர் கீழே இறங்காததால். எம்ப்ராபாவின் எட்சன் லோபாட்டோவும் உடனிருந்தவர்களும் 1980இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள ஜிப்சம் மழைநீரோடு கீழே இறங்கி, அடிமண்ணுக்குக் கால்சியத்தைக் கொண்டுபோகிறது. அதன் பின்னாலேயே வேரும் இறங்குகிறது. நம்மூரில் களர் நிலத்தைத் திருத்தப் போடுகிறோமே, அதே ஜிப்சம். அங்கே நேர் எதிரான மண்ணுக்கு வேறு வழியில் உதவுகிறது. வேதியியல் படித்த பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மெக்ளங், லோபாட்டோ, பாவ்லினெல்லி மூவருக்கும் 2006இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 1987இல் அதை முதன்முதலில் பெற்றவர் நம் எம்.எஸ்.சுவாமிநாதன்.

மேய்ச்சல் நிலத்தின் கதை இவ்வளவு பெருமையானதல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிரக்கியாரியா என்ற புல் அலுமினியத்தைத் தாங்கும். தாங்குகிறதே என்று, பலர் சுண்ணாம்பும் போடாமல் உரமும் போடாமல் விட்டுவிட்டார்கள். தாங்குவது வேறு, செழிப்பது வேறு அல்லவா? சில வருடம் நன்றாக வளர்ந்தது, பிறகு மண்ணில் பாஸ்பரசும் தழைச்சத்தும் குறைந்து புல் திட்டுத்திட்டாகக் காய்ந்தது. அப்படிக் கெட்டுப்போன மேய்ச்சல் நிலம் பல கோடி ஏக்கர். அதைத் திருத்துவதை விட்டுவிட்டுப் பக்கத்துக் காட்டை அழிப்பதே மலிவு என்று கிளம்பியவர்களும் உண்டு. இயற்கைச் செராடோவில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

அந்த மண்ணை விளையாத மண் என்றது பயிர் செய்ய வந்தவர்களின் கணக்கு. பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் ஹரிதாசன் என்ற ஆய்வாளர் (பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்!) அங்குள்ள காட்டு மரங்களை ஆராய்ந்து 1982இல் எழுதியிருக்கிறார். சில மரங்கள் அலுமினியத்தை உறிஞ்சி இலைகளிலேயே சேர்த்துவைத்துக்கொண்டு நன்றாகத் தழைக்கின்றன. நம் தேயிலைச் செடியும் அந்த ரகம்தான். அம்மரங்களில் சிலவற்றைச் சுண்ணாம்பு மண்ணில் நட்டால் இலை மஞ்சளாகி நலிந்துபோகின்றன.