லயத்தை இடித்தால் வீடு யாருக்கு?

கேமரன் மலையின் வடபகுதியில், கம்போங் ராஜாவை ஒட்டி இருக்கிறது புளூ வேலி. 2024 ஜனவரி 26 அதிகாலை அங்கே மண் சரிந்து, காய்கறித் தோட்டத்தில் வேலைசெய்த மியன்மார் தொழிலாளர்கள் ஐந்து பேர் புதையுண்டு இறந்தார்கள். சரிவோரம் தொழிலாளரைக் குடிவைக்கும் வழக்கத்துக்கு இந்த மலையில் ஏறக்குறைய நூறு வயது.

1885இல் வில்லியம் கேமரன் அளந்துவிட்டுப் போன மேட்டில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்குக் கிடைத்தது லயம்: ஒரே நீளக் கூரை, அதன்கீழ் வரிசையாக அறைகள். பலகைத் தடுப்பு என்பதால் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வீடு துரையுடையது, வேலை போனால் அதுவும் போகும்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்த 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1990இல் 446ஆம் சட்டம் பிடித்தது. நெடுநாள் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்குமே இருந்த அது, 2019 திருத்தத்தால் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. ஆனால் அறையை மட்டும் அளந்தால் போதாது, சரிவையும் பார்க்க வேண்டும். 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டதற்கும் பின்புறச் சரிவே காரணம். 

அபாயமான லயத்தை இடிப்பதில் தகராறு இல்லை. குடியிருப்பவர் அடுத்து எங்கே போவது என்பதில்தான் தகராறு. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தோட்டத்தில் 41 குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டை வேண்டாமென்று, தாங்கள் வாழ்ந்த மண்ணிலேயே 4 ஏக்கர் கேட்டுப் போராடின.

இலங்கையில் பழைய லயத்தைக் காப்பதும், குடியிருந்தவர்களுக்கு நிலத்தோடு வீடு தருவதும் இரண்டும் நடந்தன. கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றைப் புதுப்பித்து, தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் திறந்தார்கள். வாழ்க்கையைக் காட்ட ஒரு லயம் போதும். மற்ற லயங்களில் இருந்தவர்களில் சிலருக்கு, இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச் நிலமும் தனி வீடும் கிடைத்தன. புக்கிட் ஜாலில் குடும்பங்கள் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான்.