இந்தியக் காகித, அட்டைத் தொழில்

மரம், மூங்கில், கரும்புச் சக்கை, வைக்கோல், பழைய காகிதம் ஆகியவற்றைக் கூழாக்கி எழுதுதாள், அச்சுத்தாள், கிராஃப்ட் தாள், அட்டை முதலியவற்றை உற்பத்தி செய்யும் தொழில். உலகில் தயாராகும் காகிதத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இந்தியாவில் தயாராகிறது. ஆனால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இங்கே செலவாவது சுமார் 15 கிலோதான். உலகச் சராசரி 50 கிலோவுக்கும் மேல். கனடாவுக்கும் ஸ்வீடனுக்கும் வாய்த்த ஊசியிலைக் காடுகள் இந்திய ஆலைகளுக்கு வாய்க்கவில்லை. ஆகவே இத்தொழிலின் வரலாறு, பெரும்பாலும் நாரைத் தேடி அலைந்த வரலாறு.

கையால் காகிதம் செய்யும் காகஸிக் குடும்பங்கள் ராஜஸ்தானத்துச் சாங்கானேரிலும் வேறு பல ஊர்களிலும் நெடுங்காலம் இருந்தன. தரங்கம்பாடியில் தமிழ் நூல்களை அச்சிட்ட மதபோதகர் சீகன்பால்கு குழுவினர், 1715-ஐ ஒட்டி அருகிலுள்ள பொறையாறில் ஒரு காகிதப் பட்டறை அமைத்தனர், அது நிலைக்கவில்லை. வங்காளத்துச் செராம்பூரில் மதபோதகர் வில்லியம் கேரியின் குழு 1820-இல் தன் காகித ஆலைக்கு நீராவி எந்திரம் வாங்கியது. கல்கத்தாவைச் சுற்றிப் பாலி, டிட்டாகர் ஆகிய இடங்களில் பெரிய ஆலைகள் எழுந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அவை நம்பியிருந்தது கந்தலையும் மலைச்சரிவுகளில் விளைந்த சபாய் புல்லையும்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் மூங்கிலைக் கூழாக்கும் வழியைத் தெளிவாக்கியதும் நிலைமை மாறியது. மூங்கில் காகிதத்துக்கு 1925-இல் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. விடுதலைக்குப் பின் மாநில அரசுகள் ஆலைகளை வரவேற்று, காட்டு மூங்கிலை நீண்ட காலக் குத்தகைக்குச் சொற்ப விலையில் விட்டன. கூடை முடைந்து பிழைத்த மேதர் மக்கள் அதே மூங்கிலைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அவர்களின் முறையீட்டை அடுத்து, 1970களில் சூழலியலாளர் மாதவ் காட்கில் கர்நாடக மூங்கில் காடுகளை ஆராய்ந்தார். மூங்கில் புதரின் அடியிலுள்ள முட்கவசத்தை வனத்துறை அகற்றச் செய்தது. அந்த முள் போனால் இளங்குருத்தை மாடும் முள்ளம்பன்றியும் தின்றுவிடும் என்று ஊர் மக்கள் சொன்னார்கள். காட்கில் நேரில் கண்டதும் அதைத்தான். இத்தொழிலைப் பற்றி எழுதும்போது ஆலைகளின் கொள்ளளவுக் கணக்கைவிட இந்த முள்ளின் கதையே முதலில் சொல்லத் தக்கது.

ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தைக் காட்டிலிருந்து எடுக்காமல் விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை. சவுக்கும் தைலமரமும் சூபாபுல்லும் வயல்களுக்கு வந்தது இப்படித்தான். சவுக்குப் போட்டவருக்கு மூன்று, நான்கு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. ஆலை நாற்றுக் கொடுத்து, வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தமும் போடுகிறது. விலை சரியும் ஆண்டில் அந்த ஒப்பந்தம் எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் விவசாயிக்கு முக்கியம்.

கரும்புச் சக்கையில் பெரிய முயற்சி தமிழ்நாட்டில் நடந்தது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டு, உலக வங்கிக் கடனுதவியோடு கரூர் அருகே காகிதபுரத்தில் 1984-இல் உற்பத்திக்கு வந்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்து வந்தன. அதைக் கேட்டால் மாற்று எரிபொருள் கொடுத்தாக வேண்டும். எனவே நிறுவனம் நிலக்கரிக் கொதிகலன் வழியே நீராவிக்கு ஏற்பாடு செய்துகொடுத்து, பதிலுக்குச் சக்கையைப் பெற்றது. வந்த சக்கையிலும் நடுவிலுள்ள பஞ்சு போன்ற சோற்றுப்பகுதியை நீக்க வேண்டும். அதில் நார் இல்லை, ரசாயனத்தை மட்டும் உறிஞ்சும். அரவைக் காலம் சில மாதங்களே என்பதால், ஆண்டு முழுவதற்குமான சக்கையை மலைபோல் குவித்து, கெட்டுப்போகாதபடி நீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்கிறார்கள். பள்ளிபாளையத்தில் 1960-இல் நிறுவப்பட்ட சேஷசாயி ஆலையும் மரத்தோடு சக்கையைப் பயன்படுத்துகிறது.

மரத்துண்டையோ சக்கையையோ காஸ்டிக் சோடா கலந்த கரைசலில் உயர் அழுத்தத்தில் வேகவைத்தால் நார் பிரிகிறது. நாரை ஒட்டவைத்திருந்த லிக்னின் கரைந்து கருங்குழம்பாகிறது. பெரிய ஆலைகள் அதைச் சுண்டவைத்து, மீட்புக் கொதிகலனில் எரித்து நீராவி எடுத்து, ரசாயனத்தையும் திரும்பப் பெறுகின்றன. சிறு ஆலைகளுக்கு இது கட்டுப்படியாகவில்லை. வைக்கோலில் மிகுந்திருக்கும் சிலிக்காவும் மீட்பைக் கடினமாக்கியது. 1970களின் காகிதத் தட்டுப்பாட்டில் அரசு சலுகை தந்து சிறு ஆலைகளை ஊக்குவித்தது. பழைய எந்திரங்களை வெளிநாட்டிலிருந்து இறக்கிப் பலர் தொடங்கினர். பாடநூலும் நோட்டுப் புத்தகமும் கிடைத்தன. அதற்கான விலையை, மீட்கப்படாத கருங்குழம்பு வந்து கலந்த மேற்கு உத்தரப் பிரதேசத்தின் ஆறுகள் கொடுத்தன. மீட்பு வசதி இல்லாதவை கூழ் காய்ச்சுவதை விட்டுவிட்டுப் பழைய காகிதத்துக்கு மாற வேண்டும் என்ற நெருக்குதல் 2003-க்குப் பின் வலுத்தது.

இன்று மொத்த உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பழைய காகிதத்திலிருந்தே வருகிறது. திருப்பூர் பனியன் பெட்டிக்கான கிராஃப்ட், மருந்துப் பெட்டிக்கான டூப்ளெக்ஸ் அட்டை ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த வகை. டூப்ளெக்ஸ் அட்டையைக் கிழித்துப் பார்த்தால் தெரியும்: மேலே வெள்ளை அடுக்கு, உள்ளே பழைய காகிதத்தின் சாம்பல் நிறம். மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் 2016-இல் தொடங்கிய ஆண்டுக்கு 2 லட்சம் டன் அட்டை ஆலை, இணையவழி வணிகம் பெருகிய காலத்துக்குப் பொருந்தி வந்தது. எல்லா ஆலைகளுக்கும் அந்த நல்வாய்ப்பு இல்லை. அசாமில் பொதுத்துறையின் நகாவ், கச்சார் ஆலைகள் மூடப்பட்டு, தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தார்கள்.

மறுசுழற்சியில் ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிறது. ஐந்தாறு சுற்றுக்குமேல் தாங்காது. அதனால் வலுவான நாருள்ள பழைய அட்டைப்பெட்டிகள் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பலில் வருகின்றன. 2021 முதல் சீனா கழிவுக் காகித இறக்குமதியை அறவே நிறுத்தியபோதும், கப்பல் கட்டணம் ஏறியபோதும் இங்கே அட்டை விலை ஆடியது. உள்நாட்டில் பழைய பேப்பர் கடைக்கு வரும் செய்தித்தாளும் நோட்டும் ஒழுங்காக ஆலை சேர்கின்றன. கிடங்குகளில் ஸ்டேப்ளர் பின்னையும் பிளாஸ்டிக்கையும் கையால் பொறுக்கி நீக்குவோர் பெரும்பாலும் பெண்கள். ஆனால் வீட்டுக் குப்பையில் சாம்பாரோடு நனைந்துபோன அட்டைப்பெட்டி கூழுக்கு உதவாது. வாசலிலேயே தரம் பிரித்து வாங்கும் ஊர்கள் பெருகினால் இறக்குமதியின் ஒரு பகுதியாவது குறையும்.