மீன் சாப்பிடாத தம்பி

நாசரேத்துக்கு மீன் வருவது புன்னைக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர் பக்கத்துக் கடலிலிருந்துதான். பிள்ளை பெற்ற வீட்டில் பால் ஊறட்டும் என்று பால்சுறா வாங்கிப் புட்டு செய்வது எங்கள் பக்கத்தில் சாதாரணம். சுறாவில் பாதரசம் அதிகம் என்று எங்கோ படித்துவிட்டுத் தேடப்போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

கதை தொடங்குவது ஜப்பானில், மினமாட்டா என்ற கடற்கரை ஊரில். அங்கே சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. வினையூக்கி பாதரசம், கழிவு கடலுக்குப் போனது. அதிலிருந்த மெத்தில் பாதரசம் சின்ன மீன், பெரிய மீன், பூனை, மனிதர் என்று படிப்படியாக ஏறியது. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது.

சில வருஷம் கழித்து மசாசுமி ஹராடா என்ற இளம் மருத்துவர் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே மாதிரி அறிகுறி. ஆனால் அண்ணனுக்கு மினமாட்டா நோய், தம்பிக்குப் பிறவி மூளைவாதம் என்று எழுதியிருந்தார்கள். காரணம்? தம்பி மீனே சாப்பிட்டதில்லை. அவர்களுடைய அம்மா இதை ஏற்கவில்லை. மீன் சாப்பிட்டது தான் என்றும், அந்த விஷம் வயிற்றிலிருந்த பிள்ளைக்குப் போய்விட்டது என்றும் அவர் சொன்னார்.

அன்றைய மருத்துவம் இதை நம்பவில்லை. நஞ்சுக்கொடி ஒரு மதில், தாயின் விஷம் அதைத் தாண்டாது என்பதுதான் அப்போதைய பாடம். உண்மையில் மெத்தில் பாதரசம் ஒரு அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, சத்துப்பொருள் மாதிரி வேஷம் போட்டு உள்ளே போய்விடும். தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்தில் அதிகமாகவே சேரும். 1962 நவம்பரில்தான் 16 குழந்தைகளுக்கு வந்தது கருவிலேயே தாக்கிய மினமாட்டா நோய் என்று ஏற்றார்கள். அதற்கும் இறந்துபோன குழந்தைகளின் உடற்கூறாய்வு தேவைப்பட்டது.

சரி, பிறந்து பல வருஷம் ஆனவர்களுக்கு எப்படி நிரூபிப்பது? ஜப்பானியர் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து, சின்ன மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். அந்தக் கொடிகளை வாங்கி ஆய்வாளர்கள் பாதரசத்தை அளந்தார்கள். ஆலையின் உற்பத்தி கூடிய வருஷங்களில் பிறந்தவர்களின் கொடியில் பாதரசமும் கூடியிருந்தது. எங்கள் தொழில் மொழியில் சொன்னால், யாரும் திட்டமிடாமலே கிடைத்த லாக் ஃபைல்.

அந்த லாக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் உதாரணம். 1980களில் அங்கே தொடங்கிய தெர்மாமீட்டர் ஆலை, பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் பாதிப்பு என்றார்கள் தொழிலாளர்கள், நிறுவனம் மறுத்தது. ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். வழக்கு நடக்கிற வேகத்துக்கு உடம்பு சாட்சியை வைத்திருக்காது. கடைசியில் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் பிள்ளைகளுக்கு வந்தது எதனால் என்ற கேள்விக்கு உடன்பாடு பதில் ஆகாது.

நம்மிடமும் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டும் வழக்கம் இருக்கிறது. என்ன, பாதரசம் வெள்ளியோடு சட்டென்று ஒட்டும் என்பதால் வெள்ளித் தாயத்து ஆய்வுக்குச் சரிவராது. காகித உறையில் போட்டு, பிறந்த தேதி, ஊர் எழுதி வைத்தால் போதும். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் நிலக்கரி எரிக்கிறது. நிலக்கரிப் புகையிலும் பாதரசம் உண்டு. கடலில் விழுவது எவ்வளவு, கருவுக்குப் போவது எவ்வளவு என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டாமா?

பால்சுறா விஷயத்துக்கு வருவோம். வயதான, பெரிய சுறாவில்தான் பாதரசம் அதிகம் சேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்ப்பதே நல்லது. அதற்காக மீனையே விட வேண்டாம். சாளையும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடலாம். விலையும் குறைவுதான்.