தகடூர் நெல்லியும் மாத்திரைக் குப்பியும்

பள்ளிக்கூட வாசலில் கூடை இறக்கும் பாட்டியிடம் கீறிய நெல்லிக்காய் கிடைக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் கீறலுக்குள் இறங்கியிருக்கும். முதல் கடியில் புளிப்பு, அடுத்து துவர்ப்பு, மேலே ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் நாவெல்லாம் தித்திப்பு. தமிழ்நாடு முழுக்க இந்த ருசி உண்டென்றாலும், தருமபுரிக்காரர்களுக்கு இதில் கூடுதல் உரிமை. அவர்கள் ஊரின் பழைய பெயர் தகடூர்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். சாவை நீக்கும் அதன் பலனைச் சொல்லாமலே கொடுத்த அந்த மனதைத்தான் புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவை வாழ்த்துகிறார். அஞ்சி வெறும் கதைமாந்தன் அல்லன். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டெடுத்த தமிழ் பிராமிக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது.

சாவைத் தள்ளிப்போடும் கனி என்ற நம்பிக்கை சங்க காலத்தோடு நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அது ஆய்வகத்துக்குள் நுழைந்தது. ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி 1928-இல் பிரித்தெடுத்த பொருள்தான் வைட்டமின் சி என்பது சில ஆண்டுகளில் உறுதியானது. நெல்லியில் அது கொட்டிக் கிடந்தது. நம் நாட்டுப் பழைய உணவு அட்டவணை 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று கணக்குச் சொன்னது.

வைட்டமின் சி சீக்கிரம் கெடும் சத்து. நெல்லியில் மட்டும் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் நாயரும் 1936-இல் விடை சொன்னார்கள். நெல்லியில் உள்ள ஒருவகை டானின், வைட்டமின் சி ஆக்ஸிஜனேற்றத்தால் அழியாமல் காவல் காக்கிறது. பாட்டியின் கூடையில் நாம் முகம் சுளிக்கும் துவர்ப்பு, டானின்களின் வேலைதான். 1939-40 பஞ்சத்தில் வடக்கே ஹிசார் பகுதியில் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பரவியபோது, நெல்லியே மருந்தாகக் கைகொடுத்தது.

ஸ்கர்வியைத் தீர்ப்பது ஒன்று. மாரடைப்பைத் தடுப்பது வேறு.

இரத்தத்தில் உள்ள எல்.டி.எல். கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து இரத்தக்குழாய்ச் சுவரில் படிவதே அடைப்புக்கு வித்து என்ற கருத்து 1980-களில் வலுத்தது. அப்படியானால் அதைத் தடுக்கும் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவற்றை மாத்திரையாக்கிக் கொடுத்தால் போதாதா? கேட்கவே இனித்த யோசனை. 1996-இல் கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, வைட்டமின் ஈ உயிர்போகாத மாரடைப்புகளை வெகுவாகக் குறைத்ததாகச் சொன்னது. மாத்திரைக் குப்பிகள் பறந்தன.

பெரிய சோதனைகள் வந்ததும் கதை மாறியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்ததை 1994-லேயே கண்டிருந்தார்கள். கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் நடந்த ‘ஹோப்’ ஆய்வு 2000-இல் வெளிவந்தது. 9,500-க்கும் மேற்பட்டோர் நான்கரை ஆண்டுகள் வைட்டமின் ஈ அல்லது வெற்று மாத்திரை சாப்பிட்டார்கள். மாரடைப்பில் வித்தியாசமே இல்லை. 2002-இல் பிரிட்டனில் 20,536 பேரிடம் மூன்று வைட்டமின்களையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் வைட்டமின் அளவு ஏறியது, இதயத்துக்குப் பலன் கிட்டவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைதான் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்தது.

இதனால் நெல்லியின் மவுசு குறையவேண்டியதில்லை. சோதனையில் தோற்றது குப்பியில் அடைத்த வைட்டமின், தட்டில் இருக்கும் காய் அல்ல. நார்ச்சத்தும் டானின்களும் சேர்ந்த முழுக்காயாக அது நல்ல உணவு. ஆனால் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு நெல்லிச்சாறு குடிப்பது ஆபத்து. ஊறுகாயாக்கினால் சேரும் உப்பையும் கணக்கில் வைக்கவேண்டும்.

அந்த மாத்திரைக்கும் தகடூர் மண்ணோடு ஓர் உறவு உண்டு. பழைய தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004-இல் பிரிந்தது கிருஷ்ணகிரி. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், அந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது.