சம்பா கோயில் என்னும் பெயர்

புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் வந்திறங்கும் வெளியூர் அன்பர் ஒருவர், ஆட்டோ ஓட்டுநரிடம் 'அமல உற்பவ அன்னை பேராலயம்' என்று கேட்டால், அவர் சற்றே தயங்குவார். 'ஜென்மராக்கினி மாதா கோயில்' என்றால் முகம் தெளியும். 'சம்பா கோயில்' என்றாலோ, மறுபேச்சின்றி வண்டி புறப்பட்டுவிடும். நகராட்சியின் பெயர்ப் பலகைகளிலோ, ஆயரகத்தின் ஏடுகளிலோ தேடிப் பெறவேண்டிய பெயரன்று அது. மக்கள் நாவில் மட்டுமே முந்நூறு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் பெயர்.

அப்பெயருக்கு விளக்கம் கேட்டால் சுவையான பதில்கள் கிடைக்கும். முன்னாளில் இங்கே சம்பா நெல் விளைந்தது என்று முதியவர் ஒருவர் நம்மிடம் உறுதியாகவே கூறினார். நெல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கோவாவில் இயேசு சபையினர் நடத்திய தூய பவுல் கல்லூரியை ஒட்டி, கீழை நாடுகளெங்கும் அச்சபையினர் பவுலின் பெயராலேயே அழைக்கப்பட்டனர். போர்த்துகீசிய மொழியில் 'சாவ்ன் பாவ்லு' என ஒலித்த தூய பவுல், தமிழர் நாவில் 'சம்பாவுலு' ஆகி, இறுதியில் 'சம்பா' என நின்றுவிட்டார். அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் திருத்தூதர் பவுலின் பெயரால், அதுவும் பவுல் என்று எவரும் அறியாத வகையில், அழைக்கப்படுவது இந்நகரின் வேடிக்கைகளுள் ஒன்று. கடற்கரைப் பக்கத்துச் சம்மனசுகளின் இராக்கினி ஆலயமும் இவ்வாறே. அது 'கப்ஸ் கோயில்'. கப்புச்சின் சபைத் துறவியர் அங்கே ஐரோப்பியருக்கு ஞானப்பணி புரிந்ததன் எச்சம் அச்சொல். அவர்கள் இந்நகரை விட்டகன்று நெடுங்காலம் ஆயினும், அவர்களது பெயரின் பாதி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

பெயர்கள் தங்கின, கற்கள் தங்கவில்லை. 1692இல் எழுந்த முதல் ஆலயம் மறு ஆண்டே டச்சுக்காரர் கையில் அழிந்தது. 1728இல் தொடங்கி 1736இல் நிறைவுற்ற பெரிய ஆலயத்தை, 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் நிறைவுற்றது. ஆகவே, பழைய ஆலயத்திற்குள் என்ன நிகழ்ந்தது என்பதைச் சுவர்களைப் பார்த்து அறிய இயலாது. அதற்கு நாம் ஒரு வைணவரிடம் செல்லவேண்டியிருக்கிறது.

துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் இறக்கும்வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு, 1846இல் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. விலைவாசி, கப்பல் வரவு, கவர்னர் மாளிகை வம்பு ஆகியவற்றினிடையே, நமது ஆலயத்தைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். நமக்கு முகஸ்துதி செய்யும் நோக்கம் அவருக்கு இல்லை.

1745 அக்டோபர் மாதக் குறிப்பொன்று சம்பா கோயிலுக்குள் இருந்த ஒரு சுவரைப் பற்றிப் பேசுகிறது. ஒருபுறம் ஐரோப்பியரும் சட்டைக்காரரும் சாதிக் கிறிஸ்தவரும். மறுபுறம் இன்று தலித் மக்கள் என நாம் குறிப்பிடுவோர். ஒரே பலிபீடம், இடையில் சுவர். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இதைக் கண்டு அம்மக்களைத் தூண்ட, அவர்கள் திரண்டு சென்று, தாங்களும் கிறிஸ்தவர்தாமே எனப் பெரிய குருவிடம் முறையிட்டனர். அவர் சுவரை இடிக்கச் செய்தார். எல்லோரும் கலந்து நின்று திருப்பலி கண்டனர். இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நாட்குறிப்பு நிற்பதில்லை. தலைமைத் துபாசி கனகராய முதலியாரின் குடும்பத்துப் பெண்ணொருவர் மெல்லிய சேலையும் நகைகளும் நறுமணமுமாக ஆலயம் வந்தபோது, குருவானவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கைப்பிரம்பால் அவரது கூந்தலைக் குத்தி, நீ தாசியா என்ற பொருள்பட எல்லோர் முன்னிலையிலும் ஏசினாராம். சாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்தனர். அவர்களைக் கொதிக்கச் செய்தது சுவரா, பிரம்பா என்று பிரித்தறிவது கடினம். சுவரை இடிக்கத் துணிந்த சபை, ஒரு பெண்ணை அவமதிக்கவும் தயங்கவில்லை.

ஆனந்தரங்கரை அப்படியே நம்பிவிடுவதும் முறையன்று. கனகராய முதலியாரின் குடும்பத்துக்கும் அவருக்கும் பதவிப் போட்டி இருந்தது. சுவர் இடிந்ததில் அவருக்கு மகிழ்ச்சியும் இல்லை. எனினும், நம் தரப்பில் எவரும் சொல்லாமல் விட்டதை அவர் சொல்லியிருக்கிறார்.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில், இறந்த தம் ஒரே மகனின் நினைவாக ஒழுகரையில் கட்டிய தூய அந்திரேயா ஆலயத்தின் அர்ச்சிப்பு விழாவுக்கு, அதே கனகராய முதலியார் ஊரையே அழைத்து விருந்தளித்தார். பிராமணர் முதலாக ஒவ்வொரு சாதியாருக்கும் தனித்தனியே சமையல், தனித்தனியே பந்தி. மகனை இழந்த தந்தையின் துயரத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், ஆலயத்தினுள் அக்டோபரில் விழுந்த சுவர், நவம்பரில் ஆலயத்திற்கு வெளியே பந்திகளாக எழுந்து நின்றதைக் காணாதிருக்க முடியவில்லை. திருச்சபையின் சட்டம் தெரியாமல் நடந்ததும் அன்று. திருத்தந்தையின் தூதர் துர்னோன் 1704இல் இதே புதுச்சேரியில் தங்கி வெளியிட்ட ஆணையில், நோயுற்ற தலித் மக்களின் வீடுகளுக்குக் குருக்கள் சென்று அருட்சாதனங்கள் வழங்கவேண்டும் என்பதும் ஒன்று. திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் 1744இல் மலபார்ச் சடங்குகள் பற்றிய விவாதத்தை முடித்துவைத்தபோதும் இப்பொருள் பேசப்பட்டது. ஒரு குரு நோயாளியின் வீட்டு வாசற்படியைத் தாண்ட நாற்பது ஆண்டு வாதம் தேவைப்பட்டது.

இனி நாம் எழுதத் தயங்கும் பகுதி. சம்பா கோயிலை ஒட்டியே வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அதை அகற்றவேண்டும் என்று நம் குருக்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்தனர். இது தமிழர் நாடு, கோயிலை இடித்தால் வணிகர் வரமாட்டார்கள் என்று முந்தைய கவர்னர்கள் மறுத்துவந்ததாக ஆனந்தரங்கர் எழுதுகிறார். 1748 செப்டம்பரில், பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், துய்ப்ளே அதற்கு இணங்கினார். கோயில் இடிக்கப்பட்டது. இயேசு சபைக் குரு கேர்து, தாமே பெரிய சம்மட்டியோடு வந்து, இலிங்கத்தைக் காலால் உதைத்து உடைத்தார் என்கிறது நாட்குறிப்பு.

கேர்து யார்? பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் தமிழ்நாட்டுத் தொழில்நுட்பத்தை நெசவாளரிடமும் சாயக்காரரிடமும் கேட்டறிந்து ஐரோப்பாவுக்கு விரிவாக எழுதியவர். 1767இல் பாரிஸ் அறிஞர் கழகத்திற்கு, சமஸ்கிருதத்திலும் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் ஒத்த சொற்கள் இத்தனை இருப்பது எவ்வாறு என்று வினவி, இம்மொழிகளின் உறவை எடுத்துக்காட்டியவர். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் அதைக் கூறிப் புகழ்பெற்றது 1786இல்தான். கேர்துவின் கட்டுரை 1808வரை அச்சேறவில்லை. அவர் 1779இல் புதுச்சேரியிலேயே காலமானார். இந்நாட்டு வேதமொழியைத் தம் வழிபாட்டு மொழியின் உடன்பிறப்பாகக் கண்ட மனிதரும், சம்மட்டி ஏந்திய மனிதரும் ஒருவரே. குருமடத்தில் மனித இயல்பைப் பற்றிப் பல பாடங்கள் கற்றோம். இந்த ஒருவரைப் புரிந்துகொள்ள அவை போதவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன், ஒரு விழா மலருக்காக இந்நகர ஆலயங்களின் வரலாற்றை எழுதித் தருமாறு நம்மைக் கேட்டனர். எழுதினோம். டச்சுக்காரர் இடித்ததை எழுதினோம். ஆங்கிலேயர் இடித்ததையும், சற்றே உருக்கமாகவே, எழுதினோம். நாம் கட்டிய சுவரையும் நாம் இடித்த கோயிலையும் எழுதவில்லை. நாட்குறிப்பு அப்போதும் நமது அலமாரியில்தான் இருந்தது. விழா நாளில் எதற்கு என்று எண்ணினோம்; எவரும் தடுக்கவில்லை, நாமே விட்டுவிட்டோம். 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், உரோமையில் தூய பேதுரு பேராலயத்தில், திருச்சபையின் பிள்ளைகள் பிற சமயங்களுக்கும் பண்பாடுகளுக்கும் இழைத்த தவறுகளுக்காக உலகறிய மன்னிப்பு வேண்டியதை நாம் மறையுரைகளில் பலமுறை எடுத்துக்காட்டியவர்கள். அதை நமது மிஷன் வீதிக்குப் பொருத்திப் பார்க்க மட்டும் துணியவில்லை.

வேதபுரீசுவரர் கோயில் பின்னர் வேறிடத்தில் கட்டப்பட்டது. அவ்வீதிக்கு ஈசுவரன் கோயில் வீதி என்றே பெயர். பேராலயத்திலிருந்து நடந்தே செல்லலாம். அண்மையில் ஒரு மாலை திருப்பலி முடிந்து அவ்வழியே நடந்தோம். கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மையார், நமது வெள்ளை அங்கியைப் பார்த்துவிட்டு, "சாமி, சம்பா கோயிலா?" என்றார். ஆம் என்றோம். எங்கள் மாதா திருவிழாவுக்குத் தாம் ஆண்டுதோறும் மாலை கட்டித் தருவதாகச் சொன்னார்.

விழா மலரின் மறுபதிப்பு இவ்வாண்டு வரவிருக்கிறது. 1736க்கும் 1791க்கும் இடையே இரண்டு பத்திகள் சேர்த்து அச்சகத்திற்கு அனுப்பியிருக்கிறோம். மெய்ப்பு இன்னும் வரவில்லை.