மனப்பிறழ்வும் தன்னடையாளமும்: ஷ்ரேபரின் தன்வரலாறு

தன்வரலாற்று இலக்கியம் ‘நான்’ என்னும் ஒருமைப்பட்ட தன்மையை அடிப்படையாகக் கொண்டது. மனப்பிறழ்வுற்ற ஒருவர் எழுதும்போது அந்த ‘நான்’ யாரைச் சுட்டுகிறது என்னும் வினாவிற்கு, செருமானிய நீதிபதி டேனியல் பால் ஷ்ரேபர் (1842–1911) தம் நரம்புநோய் குறித்து எழுதி 1903இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் தக்க சான்றாகும்.

1893இல் டிரெஸ்டன் மேல்நீதிமன்றத்தில் அமர்வுத் தலைவராகப் பொறுப்பேற்ற ஷ்ரேபர், சில வாரங்களிலேயே நோயுற்றார். 1894 முதல் 1902 வரை சோனன்ஸ்டைன் மனநோய் விடுதியில் வைக்கப்பெற்றார். கடவுளின் கதிர்கள் தம் நரம்புகளைப் பற்றியுள்ளன என்றும், உலகை மீட்கும்பொருட்டுத் தம் உடல் பெண்ணுடலாக மாறிவருகிறது என்றும் அவர் நம்பினார். எண்ணங்கள் தம்மீது திணிக்கப்படுவதாக உணர்ந்தார், செவியில் ஒலித்த குரல்களை எதிர்கொள்ள, மனப்பாடமான கவிதைகளைச் சொன்னார், பியானோ வாசித்தார்.

உடல், பால், எண்ணம் ஆகிய மூன்றும் தமக்குரியனவாக இல்லாத நிலை இது. எனினும், நிகழ்ந்தவற்றை வகைப்படுத்தி, சான்று காட்டி, மறுப்புக்கு விடையிறுக்கும் நீதிபதி அவருள் அழியவில்லை. தம் அனுபவத்தின் சில பகுதிகளை உவமைகளால் மட்டுமே உணர்த்த இயலும் என மொழியின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார்.

அவர் இழந்தது அகத்திலிருந்த அடையாளத்தை மட்டுமன்று. 1900இல் அவரது சட்டத் தகுதி முறைப்படி நீக்கப்பட்டது. அதனை எதிர்த்து அவரே வாதுரை வரைந்தார். விடுதித் தலைவர் கீடோ வேபர், நினைவுக் குறிப்புகளை அச்சிட விரும்பியதையே நோயின் அடையாளமாகக் காட்டினார். தாம் முன்பு பணியாற்றிய அதே மேல்நீதிமன்றத்தில் 1902 ஜூலையில் ஷ்ரேபர் வென்றார். நோய் நீங்கிற்று என மன்றம் கூறவில்லை. நோய் இருப்பினும் தம் அலுவல்களைத் தாமே நடத்த வல்லவர் என்றே தீர்ப்பளித்தது. அவரும் தம் நம்பிக்கைகளைக் கைவிடவில்லை.

ஷ்ரேபரை நேரில் காணாத சிக்மண்ட் ஃபிராய்ட், 1911இல் இந்நூலை மட்டுமே கொண்டு தம் ஆய்வை எழுதினார். நூல் பரவலாக அறியப்பட அவ்வாய்வு காரணமாயிற்று. ஆயினும் வழக்காடி வென்ற மனிதர் அதில் பின்தள்ளப்பட்டார்.

1907இல் ஷ்ரேபர் மீண்டும் நோயுற்று, விடுதியிலேயே இறந்தார். அதனால் 1902ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பொருள் குறைந்துவிடவில்லை. மனநோய் உண்டென்பதால் மட்டுமே ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் ஆகார் என்னும் கருத்து இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. தன்னடையாளம் ஒருவரின் உள்ளத்தில் மட்டும் உறைவதன்று. பிறர் அவர் கூற்றைச் செவிமடுத்து ஏற்பதிலும் அது நிலைபெறுகிறது என்பதே ஷ்ரேபரின் நூலால் பெறப்படும் முடிபாகும்.